போர்ச் சின்னங்களுக்குப் பொறுப்பு யார்?
திருச்சி மாவட்டத்தின் ஒன்பது சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர், லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், மணப்பாறை ஆகிய ஒன்பது தொகுதிகளின் சார்பில் பேரவையில் அமரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மனு கொடுத்திருக்கலாம். ஆனால் நான் பேச வந்த விஷயம் எவருடைய தொகுதி எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. கட்சி பார்த்தும் எழுதவில்லை. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு போரின் மிச்சங்களையும், அதற்குப் பிறகு இந்த மாவட்டத்திலிருந்து படைக்குப் போன பிள்ளைகளின் நினைவுகளையும் காப்பாற்றுவது பற்றி எழுதுகிறேன். இதில் உங்களுக்குள் கருத்து வேறுபாடு வரக் காரணமில்லை என்று நம்புகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கு ஒரு போர் வரலாற்று அருங்காட்சியகம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கட்டடத்தை இப்போது கேட்கவில்லை. அரசின் பொறுப்பில் இருக்கும் போர்க்காலப் பொருள்கள் எவை, அவற்றை ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பது யார், எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார், காட்சிப் பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிறவர் யார் என்பதையெல்லாம் சட்டத்தால் வரையறுக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். அது இல்லாமல் எழுப்புகிற கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணங்களைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் தொகுதிகளின் மண்ணில் நடந்த போர் சாதாரணப் போர் அல்ல. 1749-ல் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டதும் அவர் மகன் முகமது அலி வந்து ஒதுங்கிய இடம் திருச்சிக் கோட்டை. 1751-ல் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் அதை முற்றுகையிட்டார்கள். திருச்சியின் மேலிருந்த நெருக்கடியைத் தளர்த்தத்தான் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். பள்ளிப் புத்தகங்கள் ஆற்காட்டைப் பெரிதாகச் சொல்லிவிட்டுத் திருச்சியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா காவிரியைத் தாண்டித் தீவுக்குள் பின்வாங்கினார். திருவானைக்காவிலும் ஸ்ரீரங்கத்திலும் கோயில் மதில்களுக்குள் படைகள் தங்கின. வடக்கே சமயபுரத்தில் முகாமிட்டு கிளைவ் வழியை அடைத்தார். 1752 ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதியின் கையில் சிக்கிய சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. அதோடும் முடியவில்லை. திருச்சியைத் தனக்குத் தருவதாக முகமது அலி சொன்ன வாக்கு என்ன ஆயிற்று என்று மைசூர் நஞ்சராஜர் அணி மாற, 1753-ல் பொன்மலையடியில் பெரும் சண்டை நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஓர் இரவு பிரெஞ்சுப் படை ஏணி வைத்துக் கோட்டைக்குள் இறங்கப் பார்த்துத் தோற்றது. 1754 இறுதியில்தான் துப்பாக்கிகள் ஓய்ந்தன. தென்னிந்தியா ஆங்கிலேயர் கைக்குப் போவதா பிரெஞ்சுக்காரர் கைக்குப் போவதா என்பது பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றியே முடிவானது.

அரை நூற்றாண்டு கழித்து, 1801 ஜூன் 16 தேதியிட்ட மருது பாண்டியரின் அறைகூவல் ஒட்டப்பட்டதும் இதே கோட்டையின் வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும்தான். இந்திய மண்ணில் ஒரு பொது எதிரிக்கு எதிராக எல்லாச் சாதியாரையும் சமயத்தாரையும் அழைத்த மிகப் பழைய அறிக்கைகளில் ஒன்று அது.

இத்தனைக்கும் சாட்சியாக மிஞ்சியிருப்பவை இன்று யார் யாரிடம் இருக்கின்றன? மலைக்கோட்டையில் குடைவரைகள் மத்தியத் தொல்லியல் துறையிடமும் கோயில் அறநிலையத் துறையிடமும் இருக்கின்றன. ஸ்ரீரங்கமும் அறநிலையத் துறையிடம்தான். கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் தெப்பக்குளக்கரை வீடு ஒரு கல்லூரியின் வளாகத்தில் நிற்கிறது. வாலாஜா முகமது அலி அடக்கமான நத்தர்வலி தர்கா வக்பு சொத்து. பொன்மலை ரயில்வேயைச் சேர்ந்தது. காந்தி மார்க்கெட் வாசலில் நிற்கும் முதல் உலகப் போர் நினைவு மணிக்கூண்டைப் பராமரிப்பது மாநகராட்சி. 1983-ல் தொடங்கி 1997 முதல் ராணி மங்கம்மாள் மகாலில் நடக்கும் அரசு அருங்காட்சியகம், சென்னை எழும்பூரைத் தலைமையகமாகக் கொண்ட மாநில அருங்காட்சியகங்கள் துறையின் கீழ் வருகிறது. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் ஒழுங்காகவே நடந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். இவை அனைத்தையும் ஒரே வரலாறாகப் பார்க்கும் கடமை யாருடையது? அப்படி ஒரு நாற்காலி இல்லை. யாரும் தவறு செய்யாமலேயே எல்லாம் தேய்ந்து போக இந்த ஏற்பாடு போதும்.

எப்படித் தேயும் என்பதற்கு எங்கள் பாலக்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவருடைய தாத்தா முதல் உலகப் போருக்குப் போய்வந்தவர். பட்டுத் துணியில் சுருட்டி வைத்திருந்த ஒரு வெள்ளிப் பதக்கத்தை அந்த அம்மா எனக்கு எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆண் உருவம், 1914, 1918 என்று ஆண்டுகள். விளிம்பைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்னஞ்சிறு ஆங்கில எழுத்துகளாக வரிசையாகக் குத்தியிருந்தது தெரிந்தது. அந்தப் போரில் பதக்கம் பெற்றவர்களுக்கு விளிம்பில் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். ஆகவே ஒவ்வொரு பதக்கமும் ஓர் ஆவணம். “எனக்கப்புறம் இத வச்சுப் பாக்க ஆளில்ல தம்பி, கவருமெண்டுலயே குடுத்துடலாம்” என்றார் அந்த அம்மா.

கொடுக்கப் போனோம். ஓர் அரசு அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தனியாரிடமிருந்து பொருள் வாங்கிக்கொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை, மேலே எழுதிக் கேட்க வேண்டும், அதுவரை வைத்துவிட்டுப் போனாலும் ரசீது தர முடியாது என்றார். ரசீது இல்லாமல் எப்படிக் கொடுப்பது? அந்த அம்மா பதக்கத்தைத் திரும்பத் துணியில் சுருட்டிக்கொண்டார். மேலே எழுதியதற்குப் பதில் வரவில்லை. அவர் காலமானபின் வீடு கைமாறியது. விசாரித்தபோது, வீட்டிலிருந்த பழைய வெள்ளிச் சாமான்களோடு அதையும் பெரிய கடை வீதியில் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உருக்கியிருப்பார்கள். ஒரு மனிதரின் பெயர் பொறித்த விளிம்பு கொலுசாகியிருக்கும்.

அந்த அலுவலரை நான் குறை சொல்லவில்லை. ஒரு பொருளை எந்தத் தகுதியின் பேரில் ஏற்பது, யார் கையொப்பமிடுவது, எத்தனை நாளில் முடிவு சொல்வது என்று அவர் கையில் விதி எதுவும் இல்லை. விதி செய்ய வேண்டிய இடம் நீங்கள் அமர்ந்திருக்கும் இடம்.

பெயர் என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்த இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பாஸ்ரா நினைவுச் சின்னத்தின் கற்பலகைகளில் ஏறவில்லை. அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள், சிப்பாய்களுக்கு எண்ணிக்கை போட்டார்கள். இது இன வேற்றுமையால் நேர்ந்த தவறு என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. வெள்ளைக்காரர்கள் நூறு ஆண்டு கழித்தாவது கணக்குப் பார்த்தார்கள். காந்தி மார்க்கெட் மணிக்கூண்டைக் கடந்து தினமும் காய்கறி மூட்டை போகிறது. அதில் நினைக்கப்படுகிறவர்கள் யார் யார், எந்தத் தெரு, எந்தக் கிராமம் என்று கேட்டு வருகிற ஒரு பள்ளி மாணவிக்கு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டச் சொல்வீர்கள்?

இனி, புதிய கட்டடத்தின்மேல் எனக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்பதற்கு வருகிறேன். 1971 போரில் வங்கக் கடலில் பணியாற்றிய விமானம் தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்றது. மும்பையில் அதை மிதக்கும் அருங்காட்சியகமாக்கினார்கள். மக்கள் ஆவலோடு பார்த்தார்கள், அறிவிப்புகளுக்கும் குறைவில்லை. ஆனால் நிரந்தரமாக நடத்துவது யார், செலவு யாருடையது என்ற கேள்விக்கு மாநில அரசும் கடற்படையும் கடைசிவரை முடிவான விடை காணவில்லை. 2012-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லி மூடினார்கள். 2014-ல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதன் இரும்பு மோட்டார் சைக்கிள் தயாரிக்கப் போனது. நம் மாநிலத்திலும் ஒன்று உண்டு. 2010 டிசம்பரில் ஓய்வு பெற்ற நீர்மூழ்கிக் கப்பல் ஐ.என்.எஸ். வாக்லியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கப் போவதாக அறிவித்தார்கள். ஆகவில்லை.

அதே சமயம் விசாகப்பட்டினத்தைப் பாருங்கள். ஐ.என்.எஸ். குர்சுரா 2001-ல் ஓய்வு பெற்றது, 2002-லேயே கடற்கரையில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் என்று பெயர் சொல்லக்கூடிய ஓர் அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஓய்வு பெற்ற கடற்படையினரையே உள்ளே வழிகாட்டிகளாக வைத்தார்கள். விக்ராந்தும் குர்சுராவும் ஒரே கடற்படையைச் சேர்ந்தவை, ஒரே போரில் இருந்தவை. ஒன்று உடைபட்டு இன்னொன்று நிற்பதற்கு அளவும் செலவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘இது என் பொறுப்பு’ என்று சொல்ல ஒரு கை இருந்ததும் இல்லாததும் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படிப் பொறுப்பேற்கும் கையைச் சட்டமே கொடுக்க முடியும். ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு 1961-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் செய்து ஆட்சிக் குழு அமைத்தது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறங்காவலர்களால் நடக்கிறது. லண்டனின் இம்பீரியல் வார் மியூசியம் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-லேயே தொடங்கப்பட்டு, 1920-ல் சட்டத்தின் கீழ் வந்தது; அதன் அறங்காவலர்கள் ஆண்டறிக்கை எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைக்கிறார்கள். நம் மாவட்ட அருங்காட்சியகங்கள் துறையின் கிளை அலுவலகங்களாகவே நடக்கின்றன. அரசு அலுவலகம் என்றால் காப்பாட்சியர் மாறுதலாகிப் போவார், பக்கத்து மாவட்டக்காரர் கூடுதல் பொறுப்பு ஏற்பார், சாவியும் பதிவேடும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும். அந்த மாற்றத்தின்போது ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்துத்தான் கையொப்பம் போட்டார்களா என்று வெளியிலிருந்து கேட்க வேண்டியவர் என்று ஒருவரும் இல்லை.

எண்ணிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. மத்தியக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2013-ல் வெளியிட்ட அறிக்கையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த 1,655 சின்னங்களை நேரில் போய்ப் பார்த்ததில் 92 இடத்திலேயே இல்லை. கல்லும் சுண்ணாம்புமாக மண்ணில் ஊன்றி நின்ற கட்டடங்களே காணாமல் போகும் நாட்டில், சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு பதக்கமும் ஒரு கட்டாரியும் எந்த மூலைக்கு?

திருட்டு ஒரு பக்கம், கவனிப்பாரின்மை இன்னொரு பக்கம். பதினெட்டாம் நூற்றாண்டுத் துப்பாக்கியின் ஈயக் குண்டை மர அலமாரியில் கண்ணாடி போட்டுப் பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்போம். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கி ஈயத்தை மெல்ல வெள்ளைப் பொடியாக்கிவிடும். எதிரியின் மேல் பட்டும் நசுங்காத குண்டு பூட்டிய அலமாரிக்குள் பொடியாகும். மண்ணுக்குள் கிடந்த இரும்புப் பீரங்கிக் குண்டைக் கழுவித் துடைத்து வைத்தால் உள்ளே ஊறியிருக்கும் உப்பு சில ஆண்டுகளில் அதைப் பொருக்குப் பொருக்காக உரித்துப் போடும். இவற்றைத் தடுக்கத் தெரிந்த வேதியியலாளர்கள் எழும்பூரில் உண்டு. அங்கே வேதியியல் பாதுகாப்புக் கூடம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. ஆனால் அவர்கள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எந்த மாவட்டத்துக்கு வர வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். வந்து பார்த்து எழுதியது வெளியே தெரிய வேண்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். மேற்பார்வை வேண்டும் என்று நான் கேட்கும்போது, காட்சிப் பலகையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை உங்களுக்கோ உங்கள் கட்சிகளுக்கோ கொடுக்கக் கேட்கவில்லை. அது கூடவே கூடாது.

திருச்சியின் போர் வரலாற்றில் யாரைப் பற்றி எழுதினாலும் ஒரு சண்டை காத்திருக்கிறது. யூசுப் கானை எடுத்துக்கொள்ளுங்கள். மருதநாயகம் என்று நாம் அழைக்கும் அந்த மனிதர் இங்கேதான் ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக உயர்ந்தார். பாளையக்காரர்களை அடக்கியவரும் அவரே, பிறகு ஆங்கிலேயரையும் நவாபையும் எதிர்த்து மதுரையில் 1764 அக்டோபரில் தூக்கில் தொங்கியவரும் அவரே. ஒரு தரப்புக்கு அவர் மாவீரர், இன்னொரு தரப்புக்குத் துரோகி. சந்தா சாகிப், நாயக்க ராணி மீனாட்சி, முகமது அலி ஆகியோரின் கதையும் இப்படித்தான். 1323-ல் ஸ்ரீரங்கத்தின் மேல் நடந்த படையெடுப்பு, அதையொட்டி வெள்ளைக் கோபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வெள்ளையம்மாள் கதை, அரங்கன் கண்ணிலிருந்து போனதாகச் சொல்லப்பட்டு இன்று மாஸ்கோவில் இருக்கும் ஓர்லோவ் வைரம் எல்லாமே அப்படிப்பட்டவைதாம். இவற்றில் ஆவணம் எது, மரபாகச் சொல்லி வருவது எது, வெறும் கதை எது என்று பிரித்து எழுத வரலாறு படித்தவர் வேண்டும். ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் பலகை மாறினால் அது அருங்காட்சியகமாக இருக்காது. ஒரு சாதிச் சங்கம் ஊர்வலம் வந்தால் ஒரு பெயர் பெரிதாகும், இன்னொரு சங்கம் வந்தால் இன்னொரு பெயர் மறையும்.

வெளிநாடுகளிலும் இதே நோய் வந்திருக்கிறது. ஹிரோஷிமா மேல் குண்டு போட்ட எனோலா கே விமானத்தை வைத்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் திட்டமிட்ட கண்காட்சியை, முன்னாள் படைவீரர்களும் அரசியல்வாதிகளும் கொடுத்த நெருக்கடியால் 1995-ல் கைவிட்டார்கள். அருங்காட்சியக இயக்குநர் பதவி விலகினார். கனடாவில் 2007-ல் போர் அருங்காட்சியகத்தின் ஒரே ஒரு பலகைக்காகப் பெரும் சர்ச்சை எழுந்தது. ஜெர்மனியின் மேல் நடந்த குண்டுவீச்சில் இறந்த பொதுமக்களைப் பற்றிய சில வரிகள் அதில் இருந்தன. வரலாற்றாசிரியர்கள் நால்வரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கடைசியில் செனட் குழு ஒன்று தலையிட்டு, பலகை மாற்றி எழுதப்பட்டது. முன்னாள் வீரர்களின் வலி உண்மையானது, அதைக் கேட்க வேண்டியதும் அவசியம். ஆனாலும் ஒரு வரியை எழுதியவருக்கு அதை எழுதிய காரணத்தைச் சொல்லிக் காத்துக்கொள்ள ஓர் அரண் வேண்டும். சட்டத்தால் அமைந்த குழு அந்த அரணாக இருக்கும். பலகையை மாற்றக் கேட்கிறவர்கள் எழுத்து மூலம் கேட்கட்டும். குழு காரணத்தோடு எழுத்து மூலம் பதில் தரட்டும். இரண்டையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைக்கட்டும். தொலைபேசியில் சொல்லிப் பலகையைக் கழற்றுவது மட்டும் நடக்கவே கூடாது.

பொருள்களை எண்ணுவதிலும் பணத்தைக் கணக்குக் கேட்பதிலும் நீங்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தகும். அங்கே தயவுசெய்து தாட்சண்யம் காட்டாதீர்கள்.

திருவெறும்பூர் உறுப்பினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. துப்பாக்கித் தொழிற்சாலை 1960களிலிருந்து உங்கள் தொகுதியில் இயங்குகிறது. பக்கத்திலேயே பீரங்கிக் குண்டுகளுக்கான கன உலோகக் கலவைத் தொழிற்சாலை. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கியபோது இரண்டும் தனித்தனி நிறுவனங்களின் கீழ்ப் போய்விட்டன. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திருச்சித் தொழிலாளர்களின் கையில் உருவான ஆயுதங்களின் மாதிரிகள், வரைபடங்கள், பழைய இயந்திரங்கள் எல்லாம் வரலாற்றுப் பொருள்கள். லாபக் கணக்குப் பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு அவை பயன்படாத சாமான்களாகத் தெரியலாம். டெண்டர் விட்டுக் கழித்துவிடுவது சுலபம். ரகசியமாக இருக்க வேண்டியவை இருக்கட்டும். மற்றவற்றைக் கழிப்பதற்கு முன் மாநில அருங்காட்சியகத்துக்கு வேண்டுமா என்று கேட்கும் ஓர் உடன்பாடு இப்போதே வேண்டும். அதை எழுதக்கூட மாநிலத்தின் பக்கம் சட்டத் தகுதி உள்ள ஓர் அமைப்பு இருந்தாக வேண்டும் அல்லவா?

மற்ற உறுப்பினர்களும் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். லால்குடி வட்டாரத்து ஊட்டத்தூரில் 1752-ல் பிரெஞ்சுப் படையின் வழி மறிக்கப்பட்டது. துறையூரும் மருங்காபுரியும் பாளையங்கள். கண்டோன்மென்ட் வழியாகப் போகும்போதெல்லாம் மேஜர் சரவணனின் நினைவிடத்தைப் பார்க்கிறீர்கள். கார்கிலில் பட்டாலிக் முனையில் 1999 மே மாதம் 29-ஆம் தேதி விழுந்த அந்தத் திருச்சிப் பிள்ளைக்கு வீர சக்கரம் கிடைத்தது. விழுந்த இடத்திலிருந்து அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முசிறியிலும் மணப்பாறையிலும் இன்றைக்கும் படையிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் கடிதங்களும் சீருடைகளும் பதக்கங்களும் இருக்கின்றன. நாளைக்கு அவர்களின் பேத்தி ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு வரும்போது, வாங்கி, எண் போட்டு, ரசீது கொடுக்க ஒரு மேசை இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். சுற்றுலா, பண்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கை அடுத்து விவாதத்துக்கு வரும்போது, நீங்கள் ஒன்பது பேரும் கட்சிக்கொருவராகப் பிரியாமல் ஒரே கோரிக்கையை எழுப்புங்கள். மாநில அருங்காட்சியகங்களுக்குச் சட்டத்தால் அமைந்த ஆட்சிக் குழு வேண்டும், அதன் கீழ்த் திருச்சியின் போர் வரலாற்றுக்கென ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பிரிவில் வரலாற்றுப் பேராசிரியர், பாதுகாப்பு வேதியியலாளர், முன்னாள் படைவீரர், வீரமரணம் அடைந்த ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்த பெண் ஆகியோருக்கு இடம் கேளுங்கள். பதவியில் இருக்கும் அரசியல்வாதி யாரும் அதில் வேண்டாம், உங்களில் ஒருவரும்கூட. காப்பாட்சியருக்கு நிச்சயமான பணிக்காலம் கேளுங்கள். ஒவ்வொரு பொருளும் படத்தோடும் எண்ணோடும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்வதன் உயிர் அதுதான். ஆண்டுக்கு ஒருமுறை வெளியாட்களை வைத்து இருப்புச் சரிபார்ப்பு நடக்கட்டும். காணாமல் போனது எதுவாக இருந்தாலும் உடனே காவல் துறையில் புகார் பதிவாகட்டும். சரிபார்ப்பின் அறிக்கை பேரவையில் வைக்கப்படட்டும்.

அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் சொன்னால் அதோடு உட்கார்ந்துவிடாதீர்கள். அவையில் தரப்படும் வாக்குறுதிகளைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. அந்தப் பதிலை அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள். பொதுக் கணக்குக் குழுவிலும் மதிப்பீட்டுக் குழுவிலும் உங்களில் யாராவது இடம் பெற்றிருந்தால், ராணி மங்கம்மாள் மகாலுக்கு நேரில் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்து, அதில் கண் போன இடத்தில் இருபது எண்களைத் தேர்ந்து அந்த இருபது பொருள்களையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் இருந்தால் ஊருக்கு அறிவித்து அந்த ஊழியர்களைப் பாராட்டுங்கள், அவர்கள் அதற்கு முழுத் தகுதி உடையவர்கள். ஒன்று குறைந்தாலும் எழுதி வையுங்கள்.

சட்டம் வருவதற்கு முன்பே உங்களால் முடிந்த ஒரு காரியமும் உண்டு. மாவட்ட ஆட்சியரோடு பேசி, முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் அருங்காட்சியகமும் சேர்ந்து மாதத்தில் ஒரு நாள் பொதுமக்களிடமிருந்து போர்க்காலப் பொருள்களை ரசீது போட்டுப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கொடுக்க மனமில்லாதவர்களின் பொருளைப் படம் எடுத்து, விவரம் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாலும் போதும். பாலக்கரையில் முதல் நாளை நடத்துவதானால் இடம் ஏற்பாடு செய்வதும், வீடு வீடாகச் சொல்லி வருவதும் எங்கள் தெருக்காரர்களின் வேலை. எந்த மாதம், எந்தக் கிழமை என்று மட்டும் எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பாலக்கரைவாசி ஒருவன்
திருச்சிராப்பள்ளி